இடைச்செருகல் என்னுஞ் சொல்லும் அதன் வரலாறும்

நூலாராய்ச்சி செய்வோர் இந்நாளில் மிகுதியாக எடுத்தாளுஞ் சொற்களுள் ‘இடைச்செருகல்’ என்பது ஒன்று. ஒருவர்க்கு உவப்பில்லாத செய்யுள் எந்நூலிற் காணப்படினும், ‘அஃது இடைச்செருகல்’ என்று ஒருசொல்லாற் கூறி அதனை ஒதுக்கிவிடுதல் எளிதாயிற்று. அங்ஙனங் கூறுவாரை மறுக்கப் புகுந்தோர், ‘ஆன்றோர் நூல்களிற் செருகல் என்பதே இல்லை, அச்சிற் கண்டன யாவும் அவர் வாக்கே’ என்று சாதிக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் செய்யுளை அளந்து பார்த்துக் கூறுவாரல்லர். முன்னவர் வெறுப்பினாலும் பின்னவர் அச்சத்தினாலும் முடிவு கட்டுகின்றனர். திருமுறைகளையும் சாத்திரங்களையும் உயிரினும் பெரிதாகப் போற்றும் நமக்கு இவ்விரண்டும் கேடே. பொய்யான செய்யுளொன்றை அருள்வாக்கென்று ஓதுதல் எத்துணைப் பிழையோ, அருள்வாக்கொன்றைப் பொய்யென்று கழித்தலும் அத்துணைப் பிழையாம். ஆகலின், இச்சொல்லின் பொருளையும், அது வழங்கிவந்த வரலாற்றையும், அதனை ஆளும் நெறியையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

சொற்பொருள்

செருகுதல் என்பது முன்னரே செறிந்து நிற்கும் ஒன்றன் இடையே மற்றொன்றைப் புகுத்துதல். கொண்டையிற் பூச்செருகுதல், இடைக்கச்சில் உடைவாள் செருகுதல், கூரையின் இறப்பில் ஓலை செருகுதல் என்பன உலக வழக்கு. இவ்வெடுத்துக்காட்டுக்களிலெல்லாம் இரண்டு இயல்புகள் பொதுவாயிருத்தல் காண்க. ஒன்று, செருகப்பட்ட பொருள் தான் புக்க பொருளோடு பிறந்ததன்று. மற்றொன்று, அது தனக்கென ஓரிடமின்றிப் பிறிதொன்றன் பிடிப்பினாலேயே நிற்பது. பூ வாடிய வழிக் கொண்டை வாடுவதில்லை. வாளை உருவிய வழிக் கச்சு அறுவதில்லை.

சேர்த்தல், கூட்டுதல், இணைத்தல் என்னுஞ் சொற்கள் இத்தகையன அல்ல. சேர்த்தலில் மறைவு இல்லை. சேர்ந்த பொருள் இன்னதெனப் புலப்பட்டே நிற்கும். நூலின் இறுதியில் ஒன்றனை வைத்துப் ‘பிற்சேர்க்கை’ என்றும் ‘அநுபந்தம்’ என்றும் தலைப்பிடுவார் யாரையும் ஏமாற்றுவாரல்லர். செருகலோ ‘இடை’ என்னும் அடையினால் விளங்குமாறு, நூலாசிரியன் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே, அவன் சொல்லே போலப் புகுந்து நிற்பது. ஆகவே, பிற்காலத்தது என்ற ஒன்றனால் மட்டும் ஒரு பகுதி செருகலாகிவிடாது. பிறரது வாக்கு நூலாசிரியன் வாக்காகத் தோற்றுமாறு நிற்றலே செருகற்கு இலக்கணம் என்க.

இப்பொருளைக் குறிக்கப் புலவர் வேறு சொற்களும் வழங்கினர். செருகுகவி என்பது ஒன்று; மிகைப்பாடல் என்பது ஒன்று. வெள்ளிபாடல் என்பது மற்றொன்று. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பார் பழைய காப்பியங்களிற் பாடிச் சேர்த்தமையின் அப்பெயர் வந்ததென்று செவிவழியாகக் கூறுவர். 17ஆம் நூற்றாண்டில் தருமையாதீனத்தில் விளங்கி, ஞானாவரண விளக்கத்துக்கு மாபாடியம் வகுத்த வெள்ளியம்பலவாண முனிவர் பெருஞ்சாத்திர வல்லுநர். பெயரொப்புமை ஒன்றனையே பற்றி, ஊர்தோறும் ஏடுதோறும் புகுந்த செருகல்களையெல்லாம் அவர் தலையிற் சுமத்துதல் நீதியாகாது. குற்றஞ் செய்தான் பெயர் தெரியாதவிடத்துத் தெரிந்த பெயரொன்றனை அதற்கிட்டு அமைதியுறுதல் உலகத்தார் இயல்பு. ஆராய்ச்சியாளர் அவ்வழிச் செல்லற்க.

நூலோர் உடன்பட்ட சேர்க்கை

பிறர் வாக்கு ஒரு நூலொடு கூடி நிற்றலைத் தமிழ் நூலோர் முற்றிலும் விலக்கினாரல்லர். அதற்கு இடமும் பெயரும் வகுத்தனர். பாயிரத்திற்கு நன்னூலார் கூறிய ஏழு பெயர்களுள் புறவுரை, தந்துரை என்பனவும் உள. நூலிற் சொல்லாத பொருளை நூலின் புறத்தே வைத்துக் கூறலின் புறவுரை. அத்தகைய பொருளைக் கொண்டுவந்து தந்துரைத்தலின் தந்துரை. ஆசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாதாகலின், சிறப்புப்பாயிரத்தை அவனுடைய ஆசிரியனோ, உடன்கற்றோனோ, மாணாக்கனோ, தகுதியுடைய உரைகாரனோ செய்யலாமென்றும் விதித்தனர். தொல்காப்பியத்தின் தலையிற் பனம்பாரனார் பாயிரம் நிற்கின்றது. அதனைத் தொல்காப்பியனார் வாக்கென மயங்குவார் ஒருவருமிலர்.

நூலின் அகத்தே கூறாது எஞ்சிய விதிகளைத் தழுவிக்கொள்ளற்குப் புறனடை என்னுஞ் சூத்திரத்தை ஆசிரியன் தானே அமைப்பான். அதனால் எதிர்காலத்தில் வரும் வழக்குக்களுக்கும் இடமுண்டாயிற்று; அதே வேளையில், வந்தவர் வந்தவரெல்லாம் புதுச்சூத்திரம் எழுதி நடுவே வைத்தற்கு வேண்டுதலும் இல்லையாயிற்று. புறனடை வாயிலை ஒத்தது. செருகல் சுவரிற் கன்னமிட்டுப் புகுதலை ஒத்தது. வாயிலிருக்கவுங் கன்னமிடுதலின் அது குற்றமாயிற்று.

செருகல் நேர்ந்த வழிகள்

இனி, செருகல்களெல்லாம் வஞ்சத்தால் நேர்ந்தன என்று கொள்ளலும் பொருந்தாது. அவை புகுந்த வழிகள் நான்கெனலாம்.

முதலாவது, ஏடெழுதுவோர் மயக்கம். பனையோலைச் சுவடியிற் செய்யுட்கள் அடிபிரியாது தொடர்ந்து எழுதப்பட்டன. மெய்களுக்குப் புள்ளியில்லை, எகர ஏகார, ஒகர ஓகாரங்களுக்கு வேற்றுமையில்லை, காலும் ரகரமும் ஓருருவின. இத்தகைய ஏட்டின் ஓரத்தில், கற்றவனொருவன் ஒப்புமை கருதி வேறு நூற்செய்யுள் ஒன்றனைக் குறித்து வைத்தானாயின், அடுத்துப் பெயர்த்தெழுதுவோன் அதனை விடுபட்ட செய்யுளென்று கருதி உள்ளே சேர்ப்பது எளிது. யாம் மடத்தில் ஏடு பயின்ற காலத்து, எம்மாசிரியர் ஒவ்வோரேட்டிலும் மூலம் எதுகாறும், குறிப்பு எதுமுதல் என்பதனைச் சொல்லுவித்த பின்னரே மேற்செல்லுவார். அதன் அருமை பல சுவடிகளை ஒப்பிட்ட பின்னரே விளங்கும்.

இரண்டாவது, புராணஞ் சொல்லுவோர் வழக்கம். கதைத்தொடர்ச்சி விளங்கற்பொருட்டும், அவையினர் மகிழ்தற்பொருட்டும் அவர் பாடிய செய்யுட்கள் அவர்தம் சொந்த ஏட்டில் ஏறிப் பின்பு நூலோடு ஒன்றாயின. கம்பராமாயணப் பிரதிகளில் மிகைப்பாடல்கள் பெருகியமைக்கு இது பெரிய காரணமாம்.

மூன்றாவது, சிதைந்தவிடத்தை நிரப்பும் விருப்பம். செல்லரித்துப் போன செய்யுளுக்கு ஈடாகத் தாமே ஒன்று பாடி வைத்தல் இவ்வகையது.

நான்காவது, தம் கொள்கைக்கோ குலத்துக்கோ ஊருக்கோ சான்று வேண்டிப் புகுத்துதல். தொல்காப்பிய மரபியலில் வருணங்களைப் பற்றிய சில சூத்திரங்களைப் பிற்காலச் சேர்க்கையென ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுதல் இது கருதியே.

இந்நான்கனுள் முதலது அறியாமை, இரண்டாவது ஆர்வம், மூன்றாவது துணிவு, நான்காவதே வஞ்சம். விளைவு ஒன்றாயினும் நோக்கம் வேறாதலின், செருகல் என்றவுடன் ஒருவரைப் பழித்தற்கு விரைதல் கூடாது.

திருமுறை வரலாற்றில்

நம் திருமுறைகளின் வரலாறு இவ்வாராய்ச்சிக்குச் சிறந்த விளக்கமாகும். திருமுறை என்னுந் தொகுதியே படிப்படியாகச் சேர்ந்து நிறைந்தது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் தனியடியாராகப் போற்றியவர் அறுபதின்மர். அப்பதிகத்தின் இறுதியில் தம்மைப் பெற்றாராகச் சடையனாரையும் இசைஞானியாரையும் சுவாமிகள் குறித்தனர். வழிவந்த நம்பியாண்டார் நம்பிகள் அவ்விருவரையும் சுந்தரரையும் கூட்டி அறுபத்துமூவராக வகுத்தனர். இஃது ஒரு கூட்டல். ஆயினும் திருத்தொண்டத்தொகையில் ஓரெழுத்தும் நம்பிகளால் மாற்றப்பட்டதில்லை. தாம் கூட்டியதனைத் தம் பெயரால் வழங்கும் திருத்தொண்டர் திருவந்தாதியிலேயே வைத்தனர். மூலம் மூலமாயும் விரிவு விரிவாயும் நின்றமையின், சேக்கிழார் பெருமான் அவ்விரண்டனையும் முதல்நூலும் வழிநூலுமாகக் கொண்டு தம் பெருங்காப்பியத்தைச் சார்புநூலாக அமைத்தருளினார்.

ஒன்பதாந் திருமுறையைக் காண்க. அதிற் கருவூர்த் தேவர் அருளிய கங்கைகொண்ட சோழேச்சரப் பதிகம் உளது. அத்திருக்கோயிலை எடுப்பித்தவன் முதல் இராசேந்திரன் (1012–1044). திருமுறை கண்ட மன்னன் முதல் இராசராசன் (985–1014) என்று கொள்வோர்க்கு, அவனுக்குப் பின்னெழுந்த கோயிலைப் பாடிய பதிகம் அத்தொகுதியில் எங்ஙனம் புகுந்தது என்னும் வினா எழும். தொகுக்கும் பணி ஓராண்டில் ஓரரசனோடு முடிந்ததன்று. அவன் மகன் காலத்தும் தொடர்ந்து நிகழ்ந்தது என்று கொள்ளுதலே பொருத்தமான விடை. இதனைச் செருகல் என்னலாமோ? ஆகாது. பாடியவர் பெயரும், பாடப்பட்ட தலமும் அப்பதிகத்தில் விளங்க நிற்கின்றன. பின்வந்தது பின்வந்ததாகவே தெரிகின்றது. பதினோராந் திருமுறையில் நம்பிகளுடைய நூல்கள் பத்து இடம்பெற்றமையும், பெரியபுராணம் பன்னிரண்டாந் திருமுறையாகப் போற்றப்பெற்றமையும் இத்தகையனவே. இவை யாவுஞ் சேர்க்கை, செருகல் அல்ல.

மற்றொரு வகைச் சேர்க்கையும் உண்டு. தேவார ஏடுகளில் இல்லாத திருஞானசம்பந்தர் பதிகமொன்று, திருவிடைவாய்த் திருக்கோயிற் கல்வெட்டில் 1917ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டது. ஏடு மறந்ததனைக் கல் காத்து வைத்திருந்தது. இதனைப் பதிப்பாசிரியர் மூன்றாந் திருமுறையின் இறுதியில், வந்த வழியைக் குறித்து வேறாக வைத்துப் பதிப்பித்தனர். ஏட்டினின்று பிற்காலத்துக் கிடைத்த திருக்கிளியன்னவூர்ப் பதிகத்தையும் அங்ஙனமே வைத்தனர். பழைய வரிசைக்கிடையே தமக்குத் தோன்றிய இடத்தில் அவற்றைப் புகுத்தினாரல்லர் என்பது கருதத்தக்கது.

இவ்வெல்லாவற்றினும் சிறந்தது ஒன்று உளது. தேவாரப் பதிப்புக்களைப் புரட்டுவோர், சில பதிகங்களில் இத்தனையாஞ் செய்யுள் சிதைந்து போயிற்று என்னுங் குறிப்பினைக் காண்பர். திருஞானசம்பந்தர் பதிகங்களிற் பெரும்பாலனவற்றில் எட்டாவது பாட்டு இராவணனையும், ஒன்பதாவது அயன்மால் அடிமுடி தேடியதனையும், பத்தாவது புறச்சமயத்தாரையும் குறிக்கும். சந்தம் தெரியும், எதுகை தெரியும், பொருளும் தெரியும். தமிழ் வல்லார் ஒருவர்க்கு அக்குறையை நிரப்புதல் ஒரு நாழிகைப் பணி. அங்ஙனமிருந்தும் நூறு நூறாண்டுகளாகத் திருமுறையைக் காத்துவந்த ஓதுவார்களும் ஏடு காத்தவர்களும் பதிப்பித்தவர்களும் அவ்விடங்களை வெறுமையாகவே விட்டனர். அவ்வெற்றிடம் ஒவ்வொன்றும் அவர்தம் வாய்மைக்கு நட்ட கல்லாகும்.

நூற்குக் காவல்

ஆசிரியர்கள் தம் நூலிற் செருகல் புகாமைக்குச் சில காவல்களும் அமைத்தனர். பதிகத்தின் முடிவிற் பாடினோர் பெயரும் ஓதுவார் பெறும் பயனும் கூறும் திருக்கடைக்காப்பு, பெயருக்கேற்பக் கடையைக் காப்பது. அதற்கப்பால் ஒரு பாட்டை ஒட்டுதல் அரிது. அந்தாதித் தொடை இன்னும் வலிய காவல். காரைக்காலம்மையார் அருளிய அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களும் ஒன்றன் ஈறு மற்றொன்றன் முதலாகத் தொடர்வன. இடையிலே ஒரு வெண்பாவைப் புகுத்த வேண்டின், அது முன்னதன் ஈற்றிற் றொடங்கிப் பின்னதன் முதலில் முடிதல் வேண்டும். அவ்விரண்டும் ஒரே சொல்லாதலின், தொடங்கிய சொல்லாலேயே முடியும் வெண்பா அன்றி வேறொன்றும் அங்கு நில்லாது. செய்யுட்டொகையை நூற்பெயரிலோ அதிகார அமைப்பிலோ வைத்தலும் காவலே. உமாபதி சிவாசாரியரது திருவருட்பயன் பத்ததிகாரமும் அதிகாரத்துக்குப் பத்துக் குறளுமாக நிற்றலின், நூற்றின்மேல் ஒன்று கூடினும் உடனே வெளிப்படும்.

கோயில்வழிபாடும் ஒரு காவலாயிற்று. தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்தற்கு இராசராசன் 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தமை கல்வெட்டினால் விளங்கும். நாள்தோறும் பலர் கூடி ஓதுமிடத்தில் ஒருவர் புதுப்பாட்டொன்றைப் புகுத்துதல் எளிதன்று.

இத்தகைய தொடைக்காவல் இல்லாத பெருநூல்களிலேயே மிகுதி காணப்படுகிறது. பெரியபுராணச் செய்யுட்டொகை 4253 என்று, உமாபதி சிவாசாரியர் அருளியதாக வழங்குஞ் சேக்கிழார் புராணம் கூறும். அச்சுப்பிரதிகளிற் காணுந் தொகை 4286. ஆகவே 33 மிகை. திருமந்திரம் மூவாயிரம் என்பது மரபு. பதிப்புக்களில் அத்தொகை 3040க்கு மேற்செல்லுகிறது. சில மந்திரங்கள் இருவேறிடங்களில் மீண்டும் வருகின்றன. இங்கு நாம் நிதானமாக நிற்றல் வேண்டும். தொகையெண் மிகை உண்டென்பதனைக் காட்டுமேயன்றி, மிகை இன்னதென்று காட்டமாட்டாது. அன்றியும், ஏடுகளிற் சில செய்யுட்கள் அழிந்தும் இருக்கலாமாகலின், புகுந்தன 33இன் மேலுமாகலாம். எண்ணை மட்டும் கையிற்கொண்டு 33 பாட்டைத் தேடிக் கழித்தல், பந்தியில் ஆட்டொகை மிகுந்ததென்று கண்ணுக்கெதிர்ப்பட்டாரை எழுப்பிவிடுதல் போலாம்.

ஆராயும் நெறி

காட்சி, கருதல், உரை என்னும் மூன்றளவையும் நம் சித்தாந்தத்திற்கு உடன்பாடு. செருகலை ஆராய்தற்கும் இவையே அமையும்.

காட்சியாவது சுவடிச்சான்று. பல்வேறு ஊர்களில், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத பிரதிகளில் அச்செய்யுள் உண்டா இல்லையா என்பதனை முதற்கண் காண்க. உரையாவது முன்னோர் சான்று. பழைய உரையாசிரியர் அதற்கு உரை கண்டனரா, பிற நூலிலே மேற்கோளாக எடுத்தாண்டனரா என்பதனை அடுத்து நோக்குக. கருதலாவது யாப்பு, சொல்வழக்கு, பொருட்பொருத்தம் இவற்றால் உய்த்துணர்தல். இது முன்னிரண்டிற்குத் துணையாய் நிற்றற்குரியது; தனித்து நின்று தீர்ப்புக் கூறுதற்குரியதன்று.

இம்முறை பிறழ்ந்தவிடத்து அறிஞரும் இடர்ப்பட்டனர். வ. உ. சிதம்பரம் பிள்ளை திருக்குறளின் கடவுள்வாழ்த்து, வான்சிறப்பு, நீத்தார் பெருமை என்னும் மூன்றதிகாரங்களும் வள்ளுவர் வாக்கல்ல என்று கருதினர். அவர்தம் தமிழன்பும் நேர்மையும் ஐயத்திற்கிடமில்லாதன. ஆயினும் இன்று கிடைக்கும் உரைகளுள் மிகப் பழைய மணக்குடவருரை முதலாக அவற்றிற்கு உரையுண்டு. குறள்களின் வைப்புமுறையில் உரையாசிரியர் தம்முள் வேறுபட்டனரேனும், 133 அதிகாரத் தொகையிலே வேறுபட்டாரல்லர். கருதலளவை ஒன்றே அவ்விரு சான்றுகளையும் வெல்லமாட்டாது. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கவிச்சுவை ஒன்றனையே உரைகல்லாகக் கொண்டு கம்பராமாயணத்திற் பெரும்பகுதியைக் கம்பர் வாக்கன்றென விலக்கினர். அவர் தெரிந்தெடுத்த பாடல்கள் இனியன என்பதில் தடையில்லை. ஆனால், ஒரு பெரும்புலவன் எல்லாவிடத்தும் ஒரே சுவையாகப் பாடுவான் என்பது ஏற்கத்தக்கதன்று. சுவை ஆளுக்காள் வேறுபடுவது. சுவடி அங்ஙனம் வேறுபடுவதன்று.

மூன்றளவையாலும் செருகலென்று துணியப்பட்ட செய்யுளையும் எரித்தலோ மறைத்தலோ கூடாது. அதனைப் பெயர்த்தெடுத்து, மிகைப்பாடல் என்று குறியிட்டு, நூலிறுதியில் வைத்தலே தக்கது. அங்ஙனம் வைத்த கணத்தில் செருகல் சேர்க்கையாகிறது. பொய் நீங்கிப் பயன் மட்டும் எஞ்சுகிறது. பிற்காலத்தார் புதுச்சான்று கிடைத்தவழி மீண்டும் ஆராய்தற்கும் அது இடந்தரும்.

முடிபு

சித்தாந்தத்தில் மலங்களை ஆராயுமிடத்துச் சகசம், ஆகந்துகம் என்று இருவகை கூறுவர். செம்பிற் களிம்பு போல உயிரோடு அநாதியே உடனிருப்பதாகலின் ஆணவம் சகசமலம். மாயையும் கன்மமும் பின்னர் வந்து பொருந்தலின் ஆகந்துகம். வந்து சேர்ந்தன என்றதனால் அவ்விரண்டும் வீணென்று தள்ளப்படவில்லை. அழுக்கேறிய ஆடைக்கு வண்ணான் உவர்மண்ணையும் சாணத்தையும் கூட்டுதல், உள்ள அழுக்கைப் போக்கற்கேயாம். அதுபோல, இறைவன் ஆணவத்தை நீக்கற்பொருட்டே மாயா காரியமாகிய உடல் கரணங்களைக் கூட்டுகின்றான் என்பது நம் ஆசிரியர் துணிபு. ஆடை தூயதானபின் உவர்மண்ணும் உடன் கழியும்.

நூலுக்கு வந்துசேர்வனவும் இருதிறத்தன. உரையும், குறிப்பும், பாடபேதமும் உவர்மண் போன்றன. மூலத்தின்மேற் படிந்த மயக்கத்தைப் போக்குதற்கு வேண்டுமளவும் நின்று, பொருள் விளங்கியபின் தாம் ஒதுங்கி மூலத்தையே ஒளிரவிடும். செருகல் அத்தகையதன்று, மூலம் போலவே நடித்து அதனை மறைப்பது. எனினும் அதுவும் வந்தேறியேயாகலின், நூலின் உண்மைவாக்கை அது கெடுக்கமாட்டாது. அளவையாகிய நீரிட்டுக் கழுவ நீங்கும்.

ஆதலின், கற்பாரும் பதிப்பாரும் பிரசங்கஞ் செய்வாரும் இதனைக் கடைப்பிடிப்பாராக: தமக்குத் தோன்றிய நற்கருத்தைச் சொல்ல விரும்பின், அதனைத் தம் பெயரால், மூலத்தின் புறத்தே வைத்துச் சொல்லுக. தமக்குப் பொருந்தாத செய்யுளைக் காணின், சான்று காட்டாமல் இடைச்செருகல் என்று கூறற்க. சிதைந்தவிடத்தைச் சிதைந்ததாகவே வைத்துச் சென்ற முன்னோர் நமக்கு விட்டுப்போன முதல் அவ்வடக்கமே. அதனையும் நம் பின்னோர்க்கு ஒன்றுங் கூட்டாமலும் குறைக்காமலும் ஒப்புவித்தல் நம் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.